கடலடியில் ஒரு காது

கழிவறைக் கோப்பையைத் தட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் என்று சின்னவள் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. கேட்டால் "பீங்கான் ஃபேக்டரியில செக்கிங்" என்பாள். பீங்கான் என்றதும் கேட்பவர்கள் பூப்போட்ட டீ கப்பை நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன நஷ்டம் என்று விட்டுவிடுவாள்.

ஆனால் அந்த வேலை எல்லோருக்கும் வந்துவிடாது. சூளையிலிருந்து வந்து ஆறிய ஒவ்வொரு கோப்பையையும் ஒவ்வொரு வாஷ்பேசினையும் சின்ன மரச் சுத்தியலால் மூன்று இடத்தில் தட்ட வேண்டும். பழுதில்லாத பேசின் 'ணங்' என்று இழுத்துப் பதில் சொல்லும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் 'தொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஒரே பளபளப்பு. கண்ணை நம்பினால் கதை கந்தல். காது சொல்வதுதான் அங்கே தீர்ப்பு.

சூளைச் சத்தம் உள்ளே வராதபடி சுவரெல்லாம் மெத்தை அடித்த அந்தச் சின்ன அறையில் மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி சின்னவள், வயது முப்பத்தெட்டு. இன்னொருத்தி அவளுடைய ஓரகத்தி, வீட்டில் எல்லோருக்கும் பெரியவள், ஐம்பதைத் தாண்டி ஒரு வருஷம். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில் கீழும் மாடியுமாகப் பதினாறு வருஷம் குடித்தனம் செய்தவர்கள், ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போய், எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொண்டு திரிந்தால் அக்கம்பக்கத்தார் எதைப் பேசிப் பொழுதைப் போக்குவது? அவர்களுக்கு அதில் ரொம்ப வருத்தம்.

தட்டித் தேறிய சரக்கின் முதுகில் அவரவர் ரப்பர் முத்திரையை வைக்க வேண்டும். பெரியவளுக்கு ஏழு, சின்னவளுக்குப் பத்தொன்பது. ஒருத்தி எழுந்து போக வேண்டி வந்தால் மற்றவள் அவளுக்கும் சேர்த்துத் தட்டி, அவளுடைய முத்திரையையே வைப்பாள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு இது. சாயங்காலம் இரண்டு பேர் எண்ணிக்கையும் குறையாமல் இருந்தால் சூப்பர்வைசர் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். பிறந்ததே எட்டாம் மாதத்தில்தான் என்று பெரியவள் சொல்வாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் ஒரு நாள் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேச அலுவலகத்தில் ஒரு ஆள் வேண்டும், சரக்கைப் பற்றித் தெரிந்தவராக இருந்தால் நல்லது, ஆங்கிலம் பேச வர வேண்டும். சின்னவள் அதை நான்கு தரம் படித்தாள். படிக்க அவளுக்கு நன்றாகவே வரும். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலப் பாடத்தில் முதல் மார்க் வாங்கியவள். பேசச் சொன்னால்தான் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அப்போதுதான் போனில் அந்தக் கதைகளைக் கண்டுபிடித்தாள். ஆங்கிலம் பழகுகிறவர்களுக்காகவே நிறுத்தி நிதானமாக ஒருவர் சொல்லும் கதைகள். ராஜா ராணிக் கதை இல்லை, உலகத்துக் கதை. ஒரு நாள் எறும்பு, ஒரு நாள் எரிமலை, ஒரு நாள் பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் ஏரி. முதல் தடவை கேட்டால் வெறும் மழைச் சத்தம்தான் காதில் விழும். இரண்டாம் தடவை அங்கங்கே தெரிந்த முகம் மாதிரி ஒரு வார்த்தை தலைகாட்டும். மூன்றாம் தடவை கதையே கண்முன் வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்காம் தடவை அவரோடு சேர்ந்து இவளும் முணுமுணுப்பாள். பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் அவள் வாய் அசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்து, வேன் ஓட்டும் அவள் புருஷன், "கடலுக்கு அடியில ஆபீஸ் திறந்தா முதல் வேலை உனக்குத்தான்" என்று கிண்டல் செய்வான்.

கேட்ட கதையைப் பஸ்ஸில் பெரியவளுக்குத் தமிழில் சொல்லியாக வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் பெரியவள் கேட்டுவிடுவாள். "இன்னிக்கு எந்த ஊரு, எந்த ஜந்து?"

"ஆக்டோபஸ் அக்கா. அதுக்கு மூணு இதயம்."

"மூணா? ஒண்ணை வெச்சுகிட்டு நாம படுற பாடு பத்தாதா?"

"வெள்ளிக் கிரகத்துல ஒரு நாள்ங்கிறது ஒரு வருஷத்தை விடப் பெருசாம்."

"அங்க மட்டும் ஃபேக்டரி கட்டினான்னு வெச்சுக்கோ, ஷிஃப்ட் முடியவே முடியாது." பெரியவள் சிரித்தாள் என்றால் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் பாதியில் நின்றவள், ஆனால் சொன்ன கதை எதையும் மறக்க மாட்டாள். மறுநாள் பேக்கிங் பகுதிப் பெண்களிடம் கண்ணும் காதும் வைத்து அவள் சொல்லும்போது சின்னவளுக்கே அது புதுக்கதையாகத் தெரியும்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் பெரியவள் கறார். "பஸ்ஸுல கேளு, வீட்டுல கேளு, குளிக்கும்போது கூடக் கேளு. செக்கிங் ரூமுக்குள்ள மட்டும் வேணாம். காதுக்கு ரெண்டு முதலாளி இருக்கக் கூடாது."

சின்னவள் தலையை ஆட்டினாள். தலையாட்டுவதற்கு என்ன செலவு? நேர்காணல் நெருங்க நெருங்கப் பஸ் நேரம் போதவில்லை. முடியைக் காதின் மேல் இறக்கி வாரி, இடது காதில் மட்டும் சின்னதாக ஓர் இயர்போனைச் செருகிக்கொண்டு, எதிரே பெரியவள் இல்லாத ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் கேட்க ஆரம்பித்தாள். ஒரு காதுதானே, இன்னொரு காது வேலையில் இருக்கிறதே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தவர்கள் எல்லாம் முதலில் இப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு புதன்கிழமை பெரியவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கடைவாய்ப் பல் இரண்டு நாளாக உயிரை எடுத்தது. "பிடுங்கிட்டு ஒரு மணி நேரத்துல வந்துடறேன். எனக்கும் சேர்த்துத் தட்டிடு" என்று சொல்லி ஏழாம் நம்பர் முத்திரையைச் சின்னவள் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்றைய கதை திமிங்கிலத்தைப் பற்றியது. நடுக்கடலில் ஒரு திமிங்கிலம் செத்துப்போனால் அதன் உடம்பு மெல்ல மெல்ல, வெளிச்சமே எட்டாத அடித்தரைக்கு இறங்குகிறது. அங்கே அதைத் தின்று எத்தனையோ உயிர்கள் பிழைக்கின்றன, சில இடங்களில் பல பத்து வருஷங்களுக்கு. செத்த பிறகும் ஒரு குடும்பத்தையே காப்பாற்றுகிற மாதிரி. சின்னவளுக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. முதல் தடவையிலேயே புரிந்த முதல் கதை! மயிர்க்கூச்செறிந்தது. கை தன் பாட்டுக்குத் தட்டியது, தன் பாட்டுக்கு முத்திரை வைத்தது.

யானைத் தந்த நிறத்தில் ஒரு பேசின் வந்தது. இரண்டு தட்டு தட்டியாயிற்று. மூன்றாவது தட்டில் வலது காதுக்கு என்னவோ இடறியது. தொக் என்றும் இல்லை, ணங் என்றும் இல்லை. மறுபடி தட்டிக் கேட்க வேண்டும், அதற்குக் கதையை நிறுத்த வேண்டும். திமிங்கிலம் அப்போதுதான் அடித்தரையைத் தொடப் போகிறது. சின்னவள் நிறுத்தவில்லை. ஏழாம் நம்பரை எடுத்து அழுத்தினாள். அவசரத்தில் அது தலைகீழாக விழுந்தது. அதையும் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் பேசினைத் தள்ளிவிட்டாள்.

கன்னம் வீங்கித் திரும்பி வந்த பெரியவளிடம் அன்று பஸ்ஸில் திமிங்கிலக் கதையைச் சொன்னாள். பல் வலியோடு கேட்டுக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து, சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தொலைதூர நாட்டில் ஒரு விடுதியில், தங்கியிருந்த வயதானவர் ஒருவர் முகம் கழுவிவிட்டுக் கையை ஊன்றியிருக்கிறார். பேசின் இரண்டாகப் பிளந்து உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. பதினோரு தையல், இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. கூடவே உடைந்த துண்டின் படம். தந்த நிறம். முதுகில் தலைகீழாக ஒரு ஏழு.

'அவசரம்' அந்தப் படத்தைப் பெரியவள் முன்னால் நீட்டியபோது சின்னவள் பக்கத்தில்தான் நின்றாள். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, கத்தாமல் இருக்கவும் முடியாது. பெரியவள் சண்டை போடுவாள், நான் இல்லவே இல்லை என்று கூச்சல் போடுவாள், அந்தச் சாக்கில் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்தாள். பெரியவள் சண்டை போடவில்லை. படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"முத்திரையைக் கூடத் தலைகீழா வெச்சிருக்கேன் பாருங்க" என்றாள் மெதுவாக. "எனக்கே கொஞ்ச நாளா சந்தேகம் சார். எங்கம்மாவுக்கும் ஐம்பதுலதான் காது போச்சு."

அதோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அவளைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள். அட்டைப்பெட்டிக்குள் காகிதம் திணிக்கிற வேலை. காது டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வரச் சொன்னார் 'அவசரம்'. பெரியவள் போகவில்லை. "தெரிஞ்ச விஷயத்தை டாக்டர் வேற வாயால சொல்லிக் கேக்கணுமா?" என்று தட்டிக் கழித்தாள். வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் மூன்று வாரத்தில் நேரில் வருவதாகவும், அதுவரைக்கும்தான் பெரியவளுக்கு இந்த வேலையும் என்றும் பேச்சு அடிபட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியைச் சுமந்தவள் சாப்பிட்டாள், தூங்கினாள். பாவத்தைச் சுமந்தவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று சின்னவள் தினமும் காலையில் முடிவு செய்தாள். தினமும் சாயங்காலத்துக்குள் அந்த முடிவுக்கு ஒரு வாய்தா கிடைத்தது. வியாழக்கிழமை நேர்காணல் முடியட்டும். முடிந்தது, நன்றாகவே பேசினாள். முடிவு வரட்டும். அதுவும் வந்தது, வேலை அவளுக்குத்தான். சரி, அந்த அம்மாள் வந்துவிட்டுப் போகட்டும். இப்படி நாள் கடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். ஆனால் அவளைத் திட்டவும் மனசு வரவில்லை, ஏனென்றால் அவளே தன்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் கொன்றது பெரியவளின் கோபம் அல்ல, அடக்கம். பஸ்ஸில் எந்த ஊர், எந்த ஜந்து என்று கேட்பது நின்றுபோனது. வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். யார் எது சொன்னாலும் "என்ன?" என்று கேட்டாள். நன்றாகக் கேட்ட வார்த்தையையும் சரியாகத்தான் விழுந்ததா என்று உறுதி செய்துகொள்ள இன்னொரு தரம் கேட்டாள். அந்த "என்ன?" ஒவ்வொன்றும் சின்னவளுக்கு ஊசியாக இறங்கியது. கதை கேட்பதை அவள் அடியோடு விட்டுவிட்டாள். ஒரு தரம் போட்டுப் பார்த்தாள். நிதானமான அந்தக் குரல் வந்ததும் அணைத்துவிட்டாள்.

"என்னடி இப்பல்லாம் கதையே காணோம்?" என்று பெரியவளே ஒரு நாள் கேட்டாள். "எனக்குக் காது கேக்காதுன்னு விட்டுட்டியா? சத்தமா சொல்லு, கேட்டுக்கிறேன்."

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம். சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாங்கும் கம்பெனியின் அம்மாள் வந்த அன்று மேனேஜர் அறையில் ஐந்து பேர். மேனேஜர், 'அவசரம்', அந்த அம்மாள், பெரியவள், சின்னவள். மேனேஜருக்கு ஆங்கிலம் தெரியும். இருந்தாலும், "இது உனக்கு ஒரு பரீட்சைன்னு வெச்சுக்கோ, ரெண்டு பக்கமும் நீயே பேசு" என்று சின்னவளிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். 'அவசரத்து'க்கு ஆங்கிலத்தில் சாரி மட்டும் தெரியும், அதை வந்ததிலிருந்து ஏழு தரம் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாள் நல்ல மாதிரி. குரலை உயர்த்தவில்லை. வயதானவரின் கையைப் பற்றிச் சொன்னாள். அவர் பியானோ சரிபார்க்கிற தொழில் செய்து ஓய்வு பெற்றவராம். சின்னவள் அதைத் தமிழில் சொன்னாள். மடங்காத இரண்டு விரல் எது எது என்பதையும் சொன்னாள். பெரியவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"எப்படி நடந்ததென்று தண்டிக்கக் கேட்கவில்லை, மறுபடி நடக்கக் கூடாது என்று கேட்கிறேன்" என்றாள் அந்த அம்மாள். சின்னவள் மொழிபெயர்த்தாள்.

பெரியவள் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "அந்தப் பெரியவர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டதா சொல்லச் சொல்லுமா. வேணும்னு செய்யல. எனக்குக் காது போயிட்டு வருது. அதை முன்னாடியே ஒத்துகிட்டு நானே எழுந்து போயிருக்கணும். போகாம உக்காந்திருந்தது என் தப்பு." சொல்லிவிட்டுச் சின்னவளைப் பார்த்தாள். "எல்லாத்தையும் சொல்லு, எதையும் குறைக்காதே."

எல்லோரும் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். இத்தனை மாதம் கேட்ட கதைகளில் எரிமலைக்கு வார்த்தை இருந்தது, எறும்புப் புற்றுக்கு வார்த்தை இருந்தது, இதற்கு ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பெரியவள் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்ல அவள் நாக்கு மறுத்துவிட்டது. அந்தப் பொய்யை ஒரு மொழியில் சுமப்பதே போதும், இன்னொரு மொழியிலும் சுமக்க முடியாது.

"அவர் காது நன்றாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். "கெட்டது என் காது. அன்றைக்கு அவர் அறையில் இல்லை. அவர் முத்திரையை வைத்தது நான். நான் ஆங்கிலம் பழகக் கதை கேட்டுக்கொண்டிருந்தேன். என் ஒரு காது கடலுக்கு அடியில் இருந்தது."

அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கினாள். "கடலுக்கு அடியிலா?"

சின்னவள் விளக்கினாள். திமிங்கிலத்தைச் சொன்னாள், மூன்றாவது தட்டைச் சொன்னாள், சந்தேகம் வந்தும் கதையை நிறுத்தாததைச் சொன்னாள், தலைகீழ் ஏழைச் சொன்னாள். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. தன் வாழ்நாளில் அத்தனை சரளமாக அவள் ஆங்கிலம் பேசியதில்லை. மேனேஜர் கட்டிய கையை அவிழ்த்து மேசை மேல் வைத்தார். 'அவசரம்' எட்டாவது தரமாக சாரி சொன்னார்.

அந்த அம்மாள், "நீங்கள் மிக நன்றாகப் பேசுகிறீர்கள்" என்றாள். பாராட்டா, வேறு ஏதாவதா என்று சின்னவளுக்கு விளங்கவில்லை. மேனேஜர் மட்டும் தமிழில், தாழ்ந்த குரலில் சொன்னார். "அந்த ஆபீஸ் வேலையை மறந்துடு. மத்தது அப்புறம் பேசலாம். அவங்க திரும்பச் செக்கிங்குக்கே வரட்டும்."

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் பெரியவள் அவள் முழங்கையைப் பிடித்தாள். "நான் அவ்வளவு சொன்னதுக்கு நீ அஞ்சு நிமிஷம் பேசினே. என்னடி சொன்னே? எதுக்கு அவர் வேலையை மறந்துடுன்னார்?"

ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது தமிழில் நகரவில்லை. யாரோ ஒரு அம்மாளிடம், ஏதோ ஒரு பாஷையில் சொல்வது சுலபம். பதினாறு வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவள் முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு. இருந்தாலும் சொன்னாள். பல் பிடுங்கப் போன புதன்கிழமையிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் சொன்னாள்.

பெரியவள் முழுக்கக் கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் கண் நிறைந்தது. சின்னவள் கன்னத்தில் ஓர் அறைக்குத் தயாராகத்தான் நின்றாள். விழுந்தது முத்தம்.

"எனக்காகவா இத்தனை பெரிய பொய்? அந்த வேலைக்காக நீ ராப்பகலா உழைச்சது எனக்குத் தெரியாதா? அதையே தூக்கிக் குடுத்துட்டியேடி!"

"பொய் இல்லக்கா. சத்தியமா நான்தான்."

"எனக்கா உன்னைத் தெரியாது? எறும்பையும் திமிங்கிலத்தையும் வெச்சு என்னை அழ வெச்சவ, இதையும் ஒரு கதையா கட்ட மாட்டியா?"

அவள் நம்பவில்லை. அதுதான் வந்த வினை. நேராகப் பேக்கிங் பகுதிக்குப் போய், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று, தன் ஓரகத்தி தனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டதைப் பத்துப் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் சின்னவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. இந்தக் காலத்தில் கூடப் பிறந்தவளே இப்படிச் செய்ய மாட்டாள் என்றாள் ஒருத்தி. சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அடித்திருந்தால் வலியோடு போயிருக்கும், கும்பிட்டால் எங்கே போய் ஒளிவது?

மேனேஜர் சொன்னபடி செக்கிங்குக்குத் திரும்ப வரச் சொல்லி 'அவசரம்' வந்து கூப்பிட்டபோது பெரியவள் மறுத்துவிட்டாள். "அவ நல்ல மனசுல சொல்லிட்டா. அதுக்காக என் காது வந்துடுமா சார்? இன்னொரு மனுஷன் கை கிழியறதுக்கு நான் தட்ட மாட்டேன். இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

அன்று வீடு திரும்பும்போது சின்னவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வாயால் சொல்லி இனிமேல் ஆகாது. தன் வாய்க்கு அந்த மரியாதை போய்விட்டது.

மறுநாள் காலை, வேலை தொடங்க அரை மணி நேரம் முன்னாலேயே கழித்துப் போட்ட சரக்குக் குவியலுக்குப் போய் விரிசல் விட்ட பேசின் மூன்றைத் தூக்கி வந்தாள். நல்லதில் நான்கை எடுத்தாள். ஏழையும் கலந்து வரிசையாக வைத்தாள். பெரியவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, மெத்தைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள்.

"என்னடி விளையாட்டு இது?"

"திரும்பாதீங்க. நான் தட்டறேன், நீங்க சொல்லுங்க. தப்பாச் சொன்னா அப்புறம் நான் எதுவும் பேசல, நீங்க சொல்றதே சரி."

தட்டினாள்.

"நல்லது" என்றாள் பெரியவள், அசுவாரசியமாக.

அடுத்தது. "இது போனது." அடுத்தது. "நல்லது." அதற்கடுத்தது. "நல்லது." குரலில் இருந்த அலுப்பு குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவதைத் தட்டியதும், "போனது, அடிப்பக்கம்" என்றாள். ஆறாவது நல்லது.

ஏழாவதைச் சின்னவள் தட்டினாள். குவியலிலிருந்து தானே எடுத்து வந்ததுதான், ஆனால் அவள் காதுக்கே அது நல்லது போலத்தான் கேட்டது. பெரியவள் தலையைச் சாய்த்தாள்.

"இன்னொரு தரம் தட்டு." தட்டினாள். "வலது ஓரம். மயிரிழை. விளிம்புலேர்ந்து ஒரு சாண் கீழ வரைக்கும்."

சின்னவள் மைப் புட்டியை எடுத்து, துணியில் நனைத்து வலது ஓரத்தில் தடவித் துடைத்தாள். விரிசலுக்குள் இறங்கிய மை மட்டும் அழியாமல் நீலக் கோடாக நின்றது. விளிம்பிலிருந்து ஒரு சாண்.

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அந்தக் கோட்டைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், கடைசியாகச் சின்னவளைப் பார்த்தாள். முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம்தான். சின்னக் குழந்தைக்கு வருகிற மாதிரி பளிச்சென்று வந்தது. வந்த வேகத்திலேயே அது வடிந்தது.

"அப்போ நேத்து நீ சொன்னது..."

"நிஜம்கா. நான்தான்."

"எட்டு வாரம் முன்னாடியே உனக்குத் தெரியும்."

"தட்டும்போதே தெரியும்."

"என்னைப் பேக்கிங்ல போட்டப்போ தெரியும். நான் டிவியைக் கத்த விட்டப்போ தெரியும்." பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள், திட்டட்டும் என்று ஏங்கினாள். பெரியவள் குரல் ஏறவே இல்லை.

"மூணு வாரமா என் மக போனை நான் எடுக்கலடி. தூரத்துல இருக்கிறவ. அவ ஒண்ணு சொல்லி, எனக்கு வேற விழுந்து, நான் ஏதாவது உளறி, அம்மாவுக்குக் காது போச்சுன்னு அவ அங்க உக்காந்து அழுவாளோன்னு பயம். எப்ப மணி அடிச்சாலும் அவர்கிட்டயே குடுத்துட்டேன். போன ஞாயித்துக்கிழமையும் குடுத்துட்டேன்."

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் முழுகாமல் இருக்கிற செய்தி வந்தது. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து வந்த செய்தி. வீடே துள்ளியது. சின்னவளும் மாடியிலிருந்து ஓடி வந்து பெரியவளைக் கட்டிக்கொண்டாள். அப்போது பெரியவள் சிரித்ததும், "என்ன, என்ன?" என்று எல்லோரையும் திரும்பத் திரும்பக் கேட்டதும் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அம்மாகிட்ட குடுங்கப்பா, நானே சொல்லணும்னு அவ கேட்டாளாம். நான் வேணாம்னு கையை ஆட்டிட்டேன். அவர் சொல்லித்தான் தெரிஞ்சுகிட்டேன்." பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இனிமே அவ எத்தனை தரம் என்கிட்ட சொன்னாலும் அது ரெண்டாந்தரம்தானே?"

பெரியவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வேலை மணி அடித்ததும் தன் சுத்தியலை எடுத்துக்கொண்டு எதிர் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஏழாம் நம்பர் முத்திரையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். அன்று முழுவதும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.